ஏழரையின் கால் ஞானம்

செருப்புக் கடையில் அவருக்குப் பெயர் ஏழரை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடைக்குள் நுழைந்த ஒருவருடைய காலைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "சார் ஏழரை நம்பர், அளக்கவே வேண்டாம்" என்று அடித்துச் சொன்னார். அந்த மனிதர் எட்டு என்றார். இவர் ஏழரை என்றார். கடைசியில் ஏழரையைப் போட்டே அனுப்பியும் வைத்தார். மறுநாள் அந்த மனிதர் இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். கல்லாவில் இருந்த முதலாளி அன்றைக்கு வைத்த பெயர்தான் ஏழரை. கடை இடம் மாறி, முதலாளிக்குத் தலை நரைத்த பிறகும் அது அவரை விடவில்லை.

இப்படி ஒரு சூடு பட்டால் மற்றவர்களுக்குப் புத்தி வரும். ஏழரைக்குப் பெருமை வந்தது. "அந்த ஒரு காலைத் தவிர நான் எந்தக் காலிலும் தப்பு செஞ்சதில்லை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் காலைச் சாய்வுப் பலகையில் தூக்கி வைத்து, கட்டை விரலால் நுனியை அமுக்கிப் பார்த்தே பாதி ஆயுசு போயிருந்தது. அதனால் கால் சம்பந்தப்பட்ட எதுவும் தன்னைத் தாண்டிப் போக முடியாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. தேய்ந்த குதியைப் பார்த்து ஆள் முன்கோபியா, சோம்பேறியா என்று சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். காலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் வேறு என்ன செய்ய முடியும்?

அவருடைய மனைவிக்கு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றே ஆக வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், சோபாவில் காலை நீட்டிப் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் பாருங்களேன். குதிகால் ஓரத்துல கறுப்பா ஏதோ இருக்கு."

ஏழரை கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "சாயம்."

"சாயமா?"

"புதுசா கறுப்புச் செருப்பு கொண்டாந்து கொடுத்தேன்ல? வேர்வையில சாயம் இறங்கியிருக்கு. நல்லாத் தேய்ச்சுக் குளி, போயிடும்."

அவளும் தேய்த்தாள். கல்லை வைத்துத் தேய்த்தாள், பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தாள். போகவில்லை. "உனக்குத் தேய்க்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு, கறுப்பை மாற்றி ஒரு பழுப்புச் செருப்பு கொண்டுவந்து கொடுத்தார். பழுப்புச் செருப்பைப் போட்டும் கறுப்புச் சாயம் அப்படியே இருந்தது. கொஞ்சம் அகலமாகவும் ஆனது. மூளை என்ற ஒன்றைக் கடன் வாங்கியாவது வைத்திருப்பவன் அந்த இடத்தில் யோசித்திருப்பான். இவர் நோயையே மாற்றிவிட்டார். சாயம் இல்லை, நாள் முழுக்க நிற்பதால் வந்த ரத்தக் கட்டு என்றார். அப்புறம் அந்த இடம் தடித்து, மிதித்தால் வலிக்க ஆரம்பித்ததும், ரத்தக் கட்டும் இல்லை, கால் ஆணி என்றார். ஒரே காலுக்கு மூன்று வியாதி. மூன்றையும் அதே சோபாவில் உட்கார்ந்தபடி, அதே தைரியத்தோடு சொன்னார்.

"டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

"டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை காலு பாப்பாரு? நான் எத்தனை பாக்கிறேன்?" என்றார் ஏழரை.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும். வைத்தியமும் பார்த்தார். நல்ல தடிமனான ஸ்பாஞ்சை அவள் பாத அளவுக்கு வெட்டினார். வலிக்கிற இடத்துக்கு நேராக வட்டமாக ஓட்டை போட்டு, செருப்புக்குள் ஒட்டிக் கொடுத்தார். வேலை சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். உடம்பின் பாரம் அந்த இடத்தில் துளிகூட விழவில்லை. மறுநாள் சாயங்காலம் அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "வலியே இல்லைங்க. பக்கத்து கவுன்ட்டர்ல இருக்கிறவளும் ஒண்ணு கேக்கிறா." ஏழரைக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து கவுன்ட்டருக்கும் ஒரு ஜோடி வெட்டிக் கொடுத்தார்.

அந்த ஸ்பாஞ்சுக்காகத்தான் இன்றைக்கும் அவரால் தன்னை மன்னிக்க முடியவில்லை. வலித்திருந்தால் அவள் இவர் பேச்சைத் தள்ளிவிட்டு டாக்டரிடம் போயிருப்பாள். அவளுக்கென்று இருந்த ஒரே எச்சரிக்கை அந்த வலிதான். அதையும் வேலை மெனக்கெட்டு, கத்தரிக்கோல் எடுத்து, இவர் வெட்டி எறிந்தார்.

பிறகு அந்த இடத்தில் நீர் கசிந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தானே செய்யும் என்று அதற்கும் ஏழரையிடம் விளக்கம் இருந்தது. இந்தத் தடவை அவருடைய மகள் விளக்கத்தைக் கேட்கவில்லை. அம்மாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

மெலனோமா என்றார்கள். பார்க்க மச்சம் மாதிரி இருக்கும், ஆனால் தோலில் வருகிற புற்றுநோய் என்றார்கள். வெயில் படாத உள்ளங்காலிலும் வருமா என்று ஏழரை கேட்டார். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில், எங்கேயும் வரும் என்று டாக்டர் சொன்னார். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்திருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்திருக்கும் என்றும் சொன்னார். அதை அவர் குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபமாவது பட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏழரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மனைவிதான் முழங்கையால் இடித்தாள்.

"எட்டைப் போயி ஏழரைன்னு சொன்ன ஆளு நீங்க. உங்ககிட்ட காட்டினது என் தப்பு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவரும் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அது ஈரலுக்குப் போய், நுரையீரலுக்கும் போய்விட்டது. வருஷம் திரும்புவதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மறுபடி வேலைக்குப் போனபோது ஏழரை வேறு ஆளாக இருந்தார். அடக்க ஒடுக்கமான ஆளாக என்று நினைத்துவிட வேண்டாம். முன்பு காலின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து உளறினார். இப்போது திருப்பிப் போட்டும் பார்த்து உளறினார். சட்டைப் பையில் பஞ்சும் ஒரு சின்னக் குப்பியில் ஸ்பிரிட்டும் இருக்கும். செருப்பு வாங்க வந்தவரின் பாதத்தில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் போதும், துடைத்துப் பார்ப்பார். அழிந்தால் சாயம். அழியாவிட்டால் ஆளை விடமாட்டார்.

"சார், இது எவ்வளவு நாளா இருக்கு? பெருசாகுதா? ஓரம் கோணலா ஆகுதா? நிறம் மாறுதா? ரத்தம் கசியுதா?"

"யோவ், நான் ஷூ வாங்க வந்தேன்யா."

"ஷூ எங்க சார் ஓடிப்போகுது? முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஒருவர் உண்மையிலேயே போய்க் காட்டிவிட்டு, திரும்பிக் கடைக்கே வந்து கத்தினார். ரோட்டில் மிதித்த தாராம் அது. தாருக்கு ஸ்பிரிட் போதவில்லை. இன்னொரு அம்மாள், பிறவியிலேயே இருந்த மச்சத்தை இவர் துடைத்த துடைப்பில் தோல் சிவந்துவிட்டதாக முதலாளியிடம் புகார் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலாளி கூப்பிட்டார். "ஏழரை, நீ செருப்பு விக்கிறியா, கிளினிக் நடத்துறியா?"

"ரெண்டும்தான் முதலாளி."

முதலாளிக்கு ஏழரையின் மனைவி போன விதம் தெரியும். "ஸ்பிரிட்டையாவது குறைச்சுக்கோ, கடை பூரா ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊரார் காலையெல்லாம் பார்த்த மகானுபாவர் தன் காலைப் பார்த்தது ரொம்ப நாள் கழித்துத்தான். குளித்துவிட்டு நகம் வெட்ட உட்கார்ந்தபோது வலது உள்ளங்காலின் குழிவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. ஸ்பிரிட்டில் துடைத்தார். அழியவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். தோல்தான் எரிந்தது. இதே புள்ளி ஒரு வாடிக்கையாளர் காலில் இருந்திருந்தால் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டிருப்பார். தன் கால் என்றதும் ஒரு ஜோடி சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ். மகள் அவரோடுதான் இருந்தாள். வளர்ந்து, லிஃப்ட் மெக்கானிக்காகி, கையெல்லாம் கிரீஸோடு வீடு திரும்புகிற பெண் அவள். ஏழரைக்கு மட்டும் இன்னும் பாப்பா. பெயர்தான் பாப்பா, குரல் முழு அதிகாரியுடையது.

"அப்பா, ஃபேன் முழு ஸ்பீடுல ஓடுது. எனக்கு வேர்த்துக் கொட்டுது. உங்களுக்கு எதுக்கு சாக்ஸ்?"

"குளிருது பாப்பா."

"கால் மட்டும் குளிருதா?"

"வயசானா அப்படித்தான்."

வேறொரு வீடாக இருந்தால் இந்தப் பொய் இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கும். இந்த வீட்டில் சாயம், ரத்தக் கட்டு, ஆணி எல்லாம் ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தன. பாப்பா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சாக்ஸை உருவினாள். இடது காலில் ஒன்றும் இல்லை. வலது காலைக் கொடுக்காமல் ஏழரை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் மறுபடி இழுத்தாள். கொஞ்ச நேரம் அப்பாவும் மகளும் ஒரு காலுக்காக மல்லுக்கட்டினார்கள். புள்ளியைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"எப்ப பாத்தீங்க இதை?"

"கொஞ்ச நாளாச்சு."

"ஊர்ல ஒருத்தர் விடாம டாக்டர்கிட்ட துரத்துறீங்களே, நீங்க ஏன் போகல? பயமா?"

ஏழரை ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது உண்மை. "உங்கம்மாவுக்குப் பண்ணினது எனக்கும் வரட்டும்னு விட்டுட்டேன் பாப்பா. நியாயந்தானே?"

பாப்பா காலைக் கீழே போட்டாள். அவ்வளவு கோபமாக அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

"நியாயமா? நீங்க தண்டனை அனுபவிக்கணும்னா அதுக்கு நான் அநாதை ஆகணுமா? அம்மா போயிட்டா. நீங்களும் போயிட்டா நான் யார்கிட்டப்பா சண்டை போடுவேன்?" அவருடைய செருப்பை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "லிஃப்ட்டுல லேசா ஒரு சத்தம் வந்தாலே நாங்க நிறுத்திட்டு என்னன்னு பாப்போம். என்னமோ தன்னையே பழிவாங்கிக்கிறாராம். எழுந்திருங்க!"

ஏழரை எழுந்தார். இத்தனை காலமும் நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது மகளுக்குச் செய்கிற இரண்டாவது துரோகம் என்பது, செருப்பை மாட்டும்போது அவருக்கு உறைத்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். விளக்கு வைத்த ஒரு லென்ஸைப் பாதத்தில் வைத்துப் பார்த்தார். அதோடு ஒரு படம் எடுத்தார். ஏழரை கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். சாவு வரட்டும் என்று வீரம் பேசியவர் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாதாரண மச்சம்தான்" என்றார் டாக்டர். "ஓரம் ஒழுங்கா இருக்கு, நிறமும் ஒரே மாதிரி இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வாங்க, இந்தப் படத்தோட ஒத்துப் பாப்போம். நடுவுல ஏதாவது மாறினா உடனே வந்துடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒரு ஜோடி செருப்பைப் போட்டுப் பார்க்கிற நேரம்கூட ஆகவில்லை. ஏழரை தேம்பித் தேம்பி அழுதார். பிழைத்துவிட்ட சந்தோஷம் என்று டாக்டர் நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார். பாப்பாவுக்குத் தெரியும். இவ்வளவு சின்ன வேலையை மனைவிக்குச் செய்யாமல் விட்டேனே என்று அவர் அழுகிறார். அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

அழுகை அடங்கியதும் டாக்டர் மகளிடம் திரும்பினார். "அம்மாவுக்கு வந்திருக்கிறதால நீங்களும் ஒரு தடவை பாத்துக்கிறது நல்லது."

"எனக்கா?" என்றாள் பாப்பா. "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். இன்னொரு நாள் வரேன். வேலைக்கு வேற நேரமாச்சு."

ஏழரை அவளைப் பார்த்தார். கனத்த வேலை பூட்ஸின் கயிறு கணுக்கால் வரைக்கும் இறுக்கிக் கட்டியிருந்தது. அதற்குள் இருப்பதை அவள் இத்தனை நாளும் குனிந்து பார்த்திருக்க மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. அவளுக்கும் பயம்தான். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மகளின் காலைப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்தார். அவள் தடுக்கவில்லை. ஒரு பூட்ஸைக் கழற்றினார், சாக்ஸை உருவினார், பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். குதிகால், ஓரம், விரலிடுக்கு எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது.

"என்னப்பா?" என்றாள் பாப்பா. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒண்ணும் இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. ஏழரை வாயை மூடிக்கொண்டார். காலை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து, டாக்டருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"எனக்குத் தெரியல பாப்பா" என்றார். "நீங்க பாத்துச் சொல்லுங்க டாக்டர்."