அம்மன் குனிந்து வந்த தெரு

மழையும் காற்றும் என்னைக் கம்பத்தில் ஏற்றியதைவிட, சாமிகள் ஏற்றியதுதான் அதிகம். லைன்மேன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஃபியூஸ் போடத் தெரியுமா என்று ஃபோர்மேன் கேட்கவில்லை. "சப்பரத்துக்கு முன்னால நடக்கத் தெரியுமா வே?" என்றுதான் கேட்டார். தெரியும் என்றேன். கையில் ஒரு கவட்டைக் கம்பைக் கொடுத்து, சேரன்மாதேவிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அனுப்பிவிட்டார்.

1. கவட்டைக் கம்பு

இப்போது வேலைக்கு வரும் தம்பிமார் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நுனி இரண்டாகப் பிரிந்த நீள மூங்கில். தெருவில் சப்பரம் வரும்போது ட்ரான்ஸ்ஃபார்மரில் சப்ளையை நிறுத்திவிட்டு, குறுக்கே போகும் வீட்டு லைனை அந்தக் கவட்டையில் ஏந்தித் தூக்கிப் பிடிக்க வேண்டும். சப்பரம் அடியில் போனதும் பைய இறக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த அரை நிமிஷம் ஊரே சாமியை விட்டுவிட்டு நம் கையைத்தான் பார்க்கும்.

தர்கா கந்தூரிக்குச் சந்தனக்கூடு வரும்போதும் அதே கம்புதான், மாதா கோயில் தேருக்கும் அதே கம்புதான். ஓர் ஊரில் சர்க்கரைப் பொங்கல், ஓர் ஊரில் நெய்ச்சோறு, ஓர் ஊரில் மாதா கோயில் அசனச் சாப்பாடு. "ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கது கவர்மெண்டு, சோறு போடுதது சாமிமாருல்லா" என்பாள் என் மனைவி.

பிறகு எங்கோ ஓர் ஊரில் சப்பரம் கம்பியில் உரசிவிட்டது. உத்தரவு வந்தது. கவட்டைக் கம்பைத் தொடக் கூடாது. கம்பி குறுக்கே போகும் தெருவில் எந்தச் சாமியின் வாகனமும் பதினைந்து அடிக்கு மேல் உயரக் கூடாது. தாசில்தார், போலீஸ், மின்சாரம் மூன்று பேரும் சரி என்று சொல்லாமல் சாமி கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த உத்தரவை ஊர் ஊராகக் கொண்டு போய்ச் சொல்லும் வேலை எனக்கு.

2. உயரமா, தெருவா

பத்தமடைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு பங்கு. நடுவில் இரண்டு தெருவும் சேரும் ரேஷன் கடை முக்கில் பதினோராயிரம் வோல்ட் எச்.டி. லைன் குறுக்கே போகிறது. ரொம்ப காலம் அம்மன் சப்பரம் அந்த முக்கோடு திரும்பிவிடும். அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. கீழத்தெருவுக்குள் சப்பரம் போகாது என்பது அன்றைய வழக்கம். கீழத்தெருக்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் வரை நடந்து, பேசி, பொறுத்து, இந்த உத்தரவுக்கு நாலு வருஷம் முன்புதான் அம்மன் முக்கைத் தாண்டினாள். லைனை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழ இடைவெளியில் சப்பரத்தைக் கடத்தினவன் நான்.

இப்போது பதினைந்து அடி என்றால்? சப்பரம் கலசத்தோடு இருபதை நெருங்கும்.

தாலுகா ஆபீசில் கூட்டம் போட்டார்கள். தாசில்தார், இன்ஸ்பெக்டர், எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.இ. மேடம் மூன்று பேரும் மேசைக்கு அந்தப்பக்கம். இந்தப்பக்கம் கொடைக் கமிட்டித் தலைவர் அருணாசலம் அண்ணாச்சி, மேலத்தெரு. கீழத்தெரு சார்பில் பேச்சியக்கா. பீடி சுற்றுகிறவர். பேசும்போதும் விரல்கள் சும்மா இருக்காது, இலை இல்லாமலேயே உருட்டிக்கொண்டிருக்கும்.

அண்ணாச்சி சொன்னார்: "உசரத்தைக் குறைக்க முடியாதுங்க. கலசம் இல்லாம அம்மனை வெளிய எடுத்தா அது கொடையே இல்ல. வேணும்னா ரேசன் கடை முக்கோட திருப்பிக்கிடுதோம். பெரிய லைனும் இடிக்காது, சட்டமும் இடிக்காது."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொன்னது பழைய முக்கு.

பேச்சியக்கா எழுந்தார். "நாலு வருசம் முன்ன மனுசன் மறிச்சான். இப்பம் கரண்டு மறிக்குதாக்கும்."

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"நீங்க சொல்லல அண்ணாச்சி. முக்கு சொல்லுது."

தாசில்தார் குறுக்கிட்டு, கலசத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு போகலாமே என்றார். அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். பேச்சியக்காவும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க தெருவுக்கு வரும்போது மட்டும் அம்மன் மொட்டையா வரணுமாங்கய்யா?"

லைனை நிறுத்திவிட்டால் போதாதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஏ.இ. மேடம் வடக்கத்தி ஊர்க்காரர், அமைதியாகப் பேசுவார். "கரண்டு இல்லைன்னாலும் கம்பி கம்பிதாங்க சார். கலசம் மாட்டி இழுத்தா போஸ்ட் சாயும். கீழே ஜனங்க நிப்பாங்க."

அப்புறம் பேச்சியக்கா அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார். "எங்க தெருவில ஒரு வீட்டு வாசல் நிலையாவது ஒங்க உசரத்துக்கு இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல. எல்லாம் குட்டை நிலை."

"போன மாசம் எம் மவ கலியாணத்துக்கு வந்தியளே, எப்படி உள்ள வந்திய?"

"குனிஞ்சுதான் வந்தேன்."

"அப்பம் அம்மனும் குனிஞ்சு வரட்டும்."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மன் மனுசனுக்குக் குனிவாளா?"

"மனுசனுக்கு எதுக்குக் குனியணும்? பிள்ளையைத் தூக்கணும்னா தாய் குனிஞ்சுதான ஆவணும்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு பேச்சு கேட்டதில்லை. அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆசாரிட்ட கேப்போம்" என்று மட்டும் சொன்னார். ஏ.இ. மேடம், "லைனுக்கு அடியில போகும்போது எவ்வளவு உயரமோ அதுதான் எனக்குக் கணக்கு. மேலே கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டார். சோதித்துப் பார்த்துவிட்டு அனுமதிக்கலாம் என்று பதிலும் வாங்கி வந்தார்.

3. கீல்

ஆசாரி சுப்பையா சப்பரத்தின் மேலடுக்கை அறுத்து, முன்பக்கம் பெரிய கதவுக் கீல்களை வைத்து, பின்னால் கயிறும் கப்பியும் பூட்டினார். கயிற்றைத் தளர்த்தினால் கலசத்தோடு மேலடுக்கு முன்னால் மடங்கும். இழுத்தால் நிமிரும். அம்மன் கீழடுக்கில் அசையாமல் இருப்பாள்.

கொடைக்கு முந்தின நாள் மத்தியானம் சோதனை. பதினைந்து அடி உயரத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே சிவப்புத் துணி கட்டி வைத்தேன். துணியில் படாமல் சப்பரம் போக வேண்டும். ஆபீசர்கள் வரிசையாக நின்றார்கள். ஆசாரி, "பைய விடுங்கடே, பைய" என்று சொல்லி வாய் மூடவில்லை, கயிறு பிடித்தவர்கள் மொத்தமாக விட்டுவிட்டார்கள். மேலடுக்கு விருட்டென்று குனிந்தது. கலசத்தில் கிடந்த எலுமிச்சம்பழ மாலை கழன்று நேராக இன்ஸ்பெக்டர் தலையில் விழுந்தது. தொப்பி கீழே, மாலை கழுத்தில்.

இன்ஸ்பெக்டர் மாலையைத் தொட்டுப் பார்த்தார். "இது ஆசீர்வாதமா, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமத் தடுத்ததா? எந்த செக்‌ஷன்ல எழுத?"

பேச்சியக்கா சொன்னார்: "அம்மன் செக்‌ஷன்ல எழுதுங்கய்யா."

இன்ஸ்பெக்டரே முதலில் சிரித்தார். அப்புறம் ஊர் சிரித்தது. அதன் பிறகு கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். கம்பி இழுத்துப் பழகின கை, தளர்த்தவும் தெரியும். மூன்றாம் முறை துணிக்கும் கலசத்துக்கும் இடையில் நல்ல இடைவெளி விட்டுச் சப்பரம் போனது. ஏ.இ. மேடம் தலையை ஆட்டினார்.

4. ரேஷன் கடை முக்கு

மறுநாள் பொழுது சாயும்போது சப்பரம் புறப்பட்டது. எல்.சி. வாங்கியாயிற்று. அதாவது, லைன் நின்றுவிட்டது, இனி தொடலாம் என்று துணைமின் நிலையம் தரும் அனுமதி. கம்பியில் மிச்சக் கரண்டு இருந்தால் மண்ணில் இறக்கும் எர்த் ராடை இருபுறமும் மாட்டினேன். தம்பிமாரே, எந்தச் சாமி வந்தாலும் இந்த இரண்டும் இல்லாமல் லைனுக்கு அடியில் நிற்காதீர்கள்.

முக்குக்கு இந்தப்பக்கம் மேலத்தெரு, அந்தப்பக்கம் கீழத்தெரு. கீழத்தெருப் பெண்கள் குடத்தில் மஞ்சத்தண்ணியோடு நின்றார்கள். வருமா, இங்கேயே திரும்பிவிடுமா என்று அத்தனை கண்ணும் கலசத்தின் மேல்தான்.

கொட்டு நின்றது. நான் கயிற்றைத் தளர்த்தினேன். அம்மனின் மேலடுக்கு மெல்ல, ரொம்ப மெல்ல, கீழத்தெருவைப் பார்த்துக் குனிந்தது. அதில் தொங்கின பூச்சரங்கள் முன்னால் நின்ற பெண்களின் தலையைத் தொட்டன. ஒரு குலவை கிளம்பியது பாருங்கள், ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். லைனைத் தாண்டினோம். தெருவுக்குள் குறுக்கே வீட்டு லைன் போன இடமெல்லாம் அம்மன் குனிந்தாள், நிமிர்ந்தாள். பேச்சியக்கா வீட்டு வாசலில் கம்பி இருந்தது. அங்கேயும் குனிந்தாள். பேச்சியக்காவின் விரல்கள் அன்றைக்குத்தான் உருட்டாமல் நின்று பார்த்தேன். கும்பிட்டபடி இருந்தன.

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "வே, இன்னொரு தடவை குனிய வையும். கண்ணு நெறஞ்சு போச்சு, சரியாப் பாக்கல."

5. அண்ணாச்சி கேட்ட கம்பி

மறு வருஷம், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கொடை. அண்ணாச்சி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எங்க தெருவில போஸ்ட் எல்லாம் ஒரே ஓரமாப் போவுது. குறுக்க கம்பியே கெடையாது. அம்மன் நட்டமா நிமிந்து போயிருதாள். கீழத்தெருவில வாசலுக்கு வாசல் குனியுதாள். எங்க வீட்டுப் பொம்பளைங்க சண்டைக்கு வாராங்க. குறுக்க ஒரு கம்பி இழுத்துத் தாரும் வே."

"கரண்டு யாருக்கு அண்ணாச்சி?"

"கரண்டு வேண்டாம். கம்பி மட்டும் போதும்."

ஏ.இ. மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். சும்மா கம்பி இழுக்க எங்கள் ஆபீசில் விதி இல்லை. நான்தான் வழி சொன்னேன்: வாசலுக்குக் குறுக்கே மாவிலைத் தோரணம் கட்டுங்கள், அதற்கும் குனிய வைக்கிறேன்.

கொடையன்று போய்ப் பார்த்தால் மேலத்தெரு முழுக்கத் தோரணம். சப்பரத்துக்கு உயரம் குறைக்கவே மாட்டேன் என்று தாலுகா ஆபீசில் காதைப் பொத்தின மனுஷன், ஏணி மேல் நின்று கட்டிக்கொண்டிருந்தார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். உத்தரவோடு ஓர் ஊருக்குள் போனால், எது கூடாது என்று படித்துக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பாதீர்கள். அப்புறம் எது கூடும் என்று அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள். யாராவது ஒருத்தர் சொல்லுவார். அன்றைக்குச் சொன்னவர் பேச்சியக்கா. அந்த வருஷமும் மஞ்சத்தண்ணிக் குடத்தோடு அந்த வழியாக வந்தவர், ஏணிக்குக் கீழே நின்று மேலே பார்த்தார்.

"அண்ணாச்சி, ரொம்ப உசரம். இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க."

"எவ்வளவு எறக்கணும் தாயி?"

"எங்க வீட்டு நிலை உசரத்துக்கு."

அண்ணாச்சி ஒரு படி கீழே இறங்கினார்.