பின்னந்தலை நடிகை

பொரித்த டோஃபுவின் வயிற்றைக் கீறிச் சோற்றை அடைத்துக்கொண்டிருக்கும்போதே, எதிரில் நிற்பவர் கைப்பேசியைத் தூக்குவது கும்சிலின் கடைக்கண்ணில் பட்டுவிடுகிறது. கை நிற்பதில்லை, உடம்பு மட்டும் சுற்றிக்கொள்கிறது. சுவரைப் பார்த்து நின்றபடியே அடுத்த டோஃபுவில் சோற்றைத் திணிக்கிறாள்.

"தட்ட எடுங்க, சட்டிய எடுங்க, மொளகா சாந்த எவ்வளவு பக்கத்துல வேணும்னாலும் எடுங்க. மூஞ்சி மட்டும் விக்கிறதுக்கில்ல" என்கிறாள் சுவரிடம்.

புதிதாக வருபவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். பழகியவர்கள், "சித்தி, எடுத்தாச்சு, திரும்பலாம்" என்று குரல் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள்.

இஞ்சோன் நகரில், சோரே துறைமுகத்து மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்புப் பகுதியில் பாங் கும்சிலுக்குக் கடை. பிளவுபட்ட நாட்டின் வடக்குப் பாதியிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் அங்கே நிறையப் பேர். அதனால் அவர்கள் ஊர்ப் பண்டமான டோஃபுச் சோற்றுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய வேலை இல்லை. அவளுக்கு வயது ஐம்பது கடந்துவிட்டது. குட்டையான, கெட்டியான உருவம். சிரித்தால் முதலில் தோள்கள்தான் குலுங்கும், சத்தம் பிறகு வரும்.

இயந்திரங்களோடு சண்டை போடுவது அவள் பொழுதுபோக்கு. கடையில் இருக்கும் சோற்றுக் குக்கர் பேசும் ரகம். "சோறு சுவையாக வெந்துவிட்டது. நன்றாகக் கிளறிவிடவும்" என்று அது பணிவாகச் சொல்லும். "எனக்கும் மூக்கு இருக்கு, மூடு" என்பாள் கும்சில். மின்தூக்கி "கதவு மூடுகிறது" என்றால், "மூடித்தான் பாரேன்" என்று கால் வைப்பாள். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "அங்க ஒலிபெருக்கி பேசும், நாம வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கணும். இங்க டப்பாவெல்லாம் பேசுது, பதிலுக்குத் திட்டலாம். இந்த ஒண்ணுக்காகவே வந்திருக்கலாம்."

முகத்தைக் காட்டாததற்குக் காரணம் வேறு. வடக்கே, சீன எல்லையோர ஊரான ஹேசானின் பதிவேட்டில் பாங் கும்சில் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போனவள். அங்கே தங்கை உன்சில் இருக்கிறாள். அக்காவைக் காணோம் என்று விசாரிக்க வந்தவர்களிடம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுது, அக்காவை ஏட்டில் சாகடித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டவள். செத்தவள் தெற்கே டோஃபு விற்கிறாள் என்று தெரிந்தால், உன்சில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுவாள். ஆண்டுக்கு ஒருமுறை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு முறை, மலைச்சரிவில் ஒளிந்துகொண்டு சீனக் கைப்பேசியில் அவள் கூப்பிடுவாள். குரல் மட்டும்தான். படம் அனுப்புவதும் கிடையாது, பெறுவதும் கிடையாது.

இப்படிப்பட்டவள் சினிமாவில் நடித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நடித்தாள், அதுவும் கதாநாயகியாக.

வினை வாயால் வந்தது. சேரின் என்று ஒரு பெண், தலைநகர் சோலிலிருந்து வந்து டோஃபுச் சோறு சாப்பிட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். சினிமா இயக்குநர், ஆனால் அதுவரை முழுப்படம் எதுவும் எடுக்காதவள். அவளிடம் கும்சில் தான் இந்நாட்டுக்கு வந்து குடியேறிய முதல் நாள் கதையைச் சொன்னாள். அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். சமையல் கழிவு வாளியை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வெளியே வந்தாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி கிடையாது, எண்களை அழுத்த வேண்டும். எண் மறந்துபோய்விட்டது.

"குடியிருக்கிறவ நான். என்னத் தெரியாதா அதுக்கு?" என்று கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். தப்பான எண்ணை அழுத்த அழுத்தப் பூட்டு அலறியது. மாடி மாடியாக ஆட்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காவலாளி நூடுல்ஸ் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். கிண்ணத்தை வாங்குவதற்காக வாளியைக் கீழே வைத்து, உள்ளங்கையைத் துடைக்கப் பார்த்தால், எண் அங்கேயே இருந்தது. மறந்துவிடக் கூடாது என்று காலையில் அவளே பேனாவால் எழுதிக்கொண்டது.

சேரின் சிரித்து முடித்துவிட்டு, "சித்தி, இதுதான் என் படம். நீங்கதான் நடிக்கணும்" என்றாள்.

"செத்தவ சினிமாவுல வந்தா நல்லாவா இருக்கும்?"

"முகமே வேணாம். கதவப் பாத்துத்தானே நிக்கிறீங்க. கேமராவ நான் பின்னாடி வச்சுக்கறேன்."

அப்படித்தான் கும்சில் பின்னந்தலை நடிகை ஆனாள். படப்பிடிப்புக்கு முதல் நாள் பக்கத்து சலூனில் போய் உட்கார்ந்தாள். சலூன்காரி ஹியாங்நானும் வடக்கத்திக்காரிதான், சோங்ஜின் ஊர்.

"முன்னாடி எப்படி வேணா இருக்கட்டும். பின்னாடி மட்டும் நல்லா சுருட்டி விடு."

"பாதித் தலைக்கெல்லாம் சுருள் போடறதில்ல."

"பாதிக் கதாநாயகிக்குப் பாதிச் சுருள் போதும்டி."

படப்பிடிப்பில் முதல் தகராறு பேச்சு வழக்கில் வந்தது. "இன்னும் கொஞ்சம் வடக்கத்திக்காரங்க மாதிரி பேசுங்க சித்தி" என்றாள் சேரின்.

"நான் பின்ன எந்த ஊருக்காரி?"

"சரிதான். ஆனா டிவில வர்றவங்க வேற மாதிரி இழுத்துப் பேசறாங்களே. ஜனங்களுக்கு அது பழகிடுச்சு."

"அப்ப அந்த டிவிக்காரியையே கூப்பிட்டுக்க. அவளுக்குக் கதவையும் தொறக்கத் தெரிஞ்சிருக்கும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சேரின் பின்னாலேயே ஓடி, காபி வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தாள்.

இரண்டாவது தகராறு அழுகை. பூட்டிய கதவின் முன்னால் அவள் குலுங்கி அழ வேண்டும் என்று எழுதியிருந்தது. "கதவு பூட்டிக்கிட்டா எவளாவது அழுவாளா? திட்டுவா" என்று சொல்லிவிட்டு, கேமரா ஓடுகிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கதவைத் திட்ட ஆரம்பித்தாள். அதன் தகப்பன், பாட்டன், அதைச் செய்த தச்சன், பூட்டுக்கு மின்சாரம் கொடுத்த அதிகாரி, ஒருவரையும் விடவில்லை. ஒலிப்பதிவு செய்தவர் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு சிரித்தாராம். படத்தில் அதுதான் இருக்கிறது.

கடைசிக் காட்சிதான் கழுத்தைப் பிடித்தது. கதவு திறந்ததும் வாசலில் நின்று ஒரே ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்றாள் சேரின். படம் முழுக்க முதுகையே பார்த்தவர்கள் அப்போது முகத்தைப் பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால் படமே இல்லை என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"சின்னப் படம் சித்தி. யாரு பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்காத படத்துக்கா இவ்வளவு பாடு படற?"

"அப்ப வேற யாராவது முகத்த வச்சு எடுத்துக்கட்டுமா?"

"என் முதுகுக்கு எவ மூஞ்சியோவா? அதுக்கு நான் செத்தே இருக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "நானும் என் தங்கச்சியும் ஒரே அச்சு. அவளக் கூப்பிட்டா நான் திரும்புவேன், என்னத் திட்டறதுக்கு அவளப் பிடிச்சுத் திட்டுவாங்க. இப்ப நான் திரும்பிப் பாத்தா, அங்க அவ திரும்பிப் பாத்த மாதிரி. பரிசு கிரிசு உனக்கு வரும் பொண்ணே. வினை அவளுக்கு வரும்."

சேரின் கேமராவை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக் காட்சியை எடுத்து முடித்தாள். அந்தப் பெண்ணை அன்றுமுதல் கும்சிலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் உன்சில் கூப்பிட்டபோது கும்சில் சினிமா விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். மலைச்சரிவில் காற்று இரைந்தது. "முதுகக் காட்டி நிக்கிறதுக்கா சினிமான்னு பேரு?" என்றாள் தங்கை. "அப்படின்னா இங்க அரிசிக்கு வரிசையில நிக்கிறவ எல்லாரும் நடிகைதான் போ." இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. அதன் பிறகு அழைப்பு இல்லை.

வசந்தத்தில், இஞ்சோனில் ஒரு சின்னத் திரையரங்கில் மதியக் காட்சியாகப் படம் ஓடியது. கும்சில் கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். ஒரு பக்கம் சேரின், நகத்தைக் கடித்தபடி. மறுபக்கம் ஹியாங்நான், முன்வரிசை பின்வரிசை எல்லோரிடமும், "அந்தச் சுருள் என் கைவேலை" என்று சொன்னபடி. கதவைத் திட்டும் காட்சியில் அரங்கம் உருண்டு புரண்டது. கும்சிலும் யாரையோ பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. கதவு திறந்துவிட்டது. அந்தப் பெண் முதுகைக் காட்டி வாசலில் நிற்கிறாள். திரும்பப்போகிறாள் என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

தன் பின்னங்கழுத்தை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? கும்சிலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பின்னங்கழுத்துதான். ஹேசானின் ஒற்றையடிப் பாதையில், தலையில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு எப்போதும் அவளுக்கு முன்னால் நடந்து போன தங்கையின் கழுத்து அது. குட்டையானது, இடது பக்கம் சற்றே சாய்ந்தது. சுருள் முடிக்குக் கீழே அதுதான் இப்போது திரை முழுவதும் இருந்தது.

"இவ எப்ப வந்தா?" என்றாள் கும்சில்.

சேரின் திரும்பிப் பார்த்தாள். கும்சிலின் கண் திரையைவிட்டு அசையவில்லை.

"ஏய், திரும்பேன். ஒரு தடவ திரும்பேன்டி."

திரையில் இருந்தவள் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றக் குனிந்தாள். சட்டைக் காலரின் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. கும்சில் இருட்டில் திரையை நோக்கிக் கையை நீட்டி, முன்வரிசைத் தலைகளுக்கு மேலே, விரல் நுனியால் அதை வெளியே எடுத்து நீவி விட்டாள்.