கையில் உருண்ட ராணி

போடிநாயக்கனூருக்கு ஸ்வெட்டரோடு போய் இறங்கிய மடையன் நான். ஏலக்காய் ஊர் என்றால் மலை, மலை என்றால் குளிர் என்று தர்க்கம் பண்ணி, "அங்கே எதுக்கு இது?" என்று கேட்ட மனைவியைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தும் வைத்தேன். மலை போடிக்கு மேலே இருக்கிறது. போடி கீழே, நன்றாக வெந்துகொண்டிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் பூகோளம் படித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம், காலாண்டு விடுமுறை. மதுரை மாவட்ட அளவில் இளையோர் சதுரங்கப் போட்டி ஒன்றைப் போடி ஏலக்காய் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். நான் சதுரங்கத்தைப் பற்றி நாலைந்து வேடிக்கைக் கட்டுரைகள் எழுதியிருந்ததால், எனக்கு ஆட்டமும் தெரியும் என்று தீர்மானித்து நடுவராகக் கூப்பிட்டுவிட்டார்கள். நடுவர் என்பவர் நாற்காலியில் உட்காருகிறவர் என்று நினைத்து நானும் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதுரையில் ரயில் ஏறினேன். மீட்டர் கேஜ். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர். ஆண்டிபட்டிக் கணவாயில் ஒருவர் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாக அடுத்த பெட்டியில் ஏறினார்.

போடி ஸ்டேஷனில் ஜீப்போடு காத்திருந்தவர் மொக்கச்சாமி. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற டிரைவர்.

"பையில என்ன சார், பூராம் பொஸ்தகமா?"

"ஸ்வெட்டர்."

என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனபிறகு, தன் தம்பி மகள் அமுதாவும் போட்டியில் ஆடுகிறாள் என்றார். பத்தாவது படிக்கிற பெண். போடிமெட்டில் வர்க்கீஸ் என்று ஒரு எஸ்டேட் கணக்கர். அவரிடமிருந்து ஆட்டத் தொடக்கங்கள் பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தை இரவல் வாங்கிவந்து கொடுத்தது மொக்கச்சாமிதான்.

"ஆட்டத்தயும் நாந்தேன் சொமக்குறேன் சார். காலைல பிள்ள ஒரு காய நகட்டிச் சொல்லி விடும். மேல போயி வர்க்கீசுகிட்டச் சொல்லுவேன். அவரு ஒண்ணு சொல்லுவாரு. சாயந்தரம் கீழ கொண்டாந்து சேப்பேன்."

"நடுவில் மறந்துபோனால்?"

"ஒருக்க மறந்துபோயி நானா ஒண்ணச் சொல்லிப்புட்டேன். வர்க்கீசு தோத்துட்டாரு."

சனிக்கிழமை காலை போட்டி தொடங்கியது. இடம் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கி. மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் நான் குடித்த தண்ணீரே பாயசமாக மணத்தது.

முதல் சுற்றிலேயே ஒன்றைக் கவனித்தேன். உள்ளூர்ப் பிள்ளைகள் யாரும் காயை வெறுமனே பார்த்து யோசிப்பதில்லை. கையில் எடுத்து, கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் உருட்டி, திருப்தி இல்லையென்றால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார்கள். வீட்டுக்கு வீடு முறத்தைப் போட்டு ஏலக்காய் பொறுக்குகிற ஊர். கண் ஏமாறும், விரல் ஏமாறாது என்று பழகியவர்கள். உருட்டிப் பார்க்காமல் எப்படித் தரம் பிரிப்பது?

ஆனால் போட்டிச் சட்டம் வேறு. தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். அந்தச் சட்டத்தைச் சொல்லத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள். எழுந்து கைதட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பக்கமும் உருட்டினார்கள், இரண்டு பக்கமும் புகார் இல்லை. கட்டுரைக்கு அருமையான சரக்கு என்று ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அமுதாவிடம் பேசினேன். ஒல்லியான பெண், எண்ணெய் வழிய இரட்டைச் சடை.

"எத்தனை தொடக்கம் படித்திருக்கிறாய்?"

"எட்டு முழுசா சார். ஒம்பதாவது சிசிலி. அதுல பாதிய எலி தின்னுருச்சு."

"இங்கிலீஷ் புரிகிறதா?"

"எழுத்தும் நம்பரும் புரிஞ்சாப் போதும்ல சார். மத்ததெல்லாம் அவுக பொலம்புறதுதான?"

அவள் அப்பா பாண்டி பக்கத்தில் நின்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். "முத எடம் வந்தா மெட்ராசுப் போட்டிக்கு அனுப்புறேன்னு வாக்குக் குடுத்துட்டேன் சார். இல்லேன்னா பொஸ்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டு அவ ஆத்தாகூட முறத்துல உக்காரணும். அதுவும் ஒத்துக்கிட்டுத்தேன் வந்திருக்கு."

"அப்பா, சாம்பார் எலைய விட்டு ஓடுது" என்றாள் அமுதா.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஐந்து ஆட்டம் ஜெயித்திருந்தாள். ஐந்து பேரும் போடி, தேவாரம் பக்கத்துப் பையன்கள். கடைசி ஆட்டம் ரமேஷோடு. மதுரைப் பையன், முறையாகப் பயிற்சி எடுத்தவன், மரியாதையானவன். அவனுக்கும் ஐந்து வெற்றி.

வெள்ளைக்காய் அமுதாவுக்கு. புத்தகத்தில் படித்த வரைக்கும் அவள் கை உருட்டவே இல்லை. நேராகப் போனது, வைத்தது, திரும்பியது. ரமேஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடினான். அப்படியும் அவள்தான் மேலே இருந்தாள். குதிரையை நகர்த்தினால் ஆட்டம் அவளுடையது. எனக்கே தெரிந்தது என்றால் எவ்வளவு சுலபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் கை ராணியிடம் போனது. எடுத்தாள். உருட்டினாள். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் குதிரைப் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

ரமேஷ் கை தூக்கினான். "சார், ராணியைத் தொட்டாங்க."

ராணி அந்த இடத்தில் காவலுக்கு நின்றிருந்தது. எங்கே விலகினாலும் பின்னால் ராஜா அம்போ. கிட்டங்கி முழுக்க என்னைப் பார்த்தது. இரண்டு நாளில் முதல்முறையாக எனக்கு வேலை வந்தது.

"ராணியை நகர்த்தணும்மா" என்றேன்.

"எல்லாரும் தொட்டோமே சார்."

"சட்டம் அப்படி."

"அத மொத ஆட்டத்துலயே சொல்லியிருக்கலாம்ல?"

அழவில்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ராணியை நகர்த்தினாள். அடுத்த இரண்டு நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. ரமேஷுக்குக் கை கொடுத்துவிட்டு, காய்களைப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். இப்போது எதையும் உருட்டவில்லை.

பாண்டி வந்து எனக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தார். "ரூலுன்னா ரூலுதான் சார். நீங்க என்ன செய்வீக?" அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்று இழுத்தேன். "வாக்கு வாக்குத்தான சார்" என்றார். அவருடைய வாக்குக்கும் நான் சொன்ன சட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாததால் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நடுவருக்குப் போடிமெட்டைச் சுற்றிக்காட்டுவதாக ஏற்கனவே ஏற்பாடு. வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை விடிகாலையில் மொக்கச்சாமியின் ஜீப்பில் ஏறினேன். பின்னால் வேலைக்குப் போகிற பெண்கள், தூக்குவாளிகள், ஒருத்தி மடியில் ஒருத்தி. முன்சீட்டில் என் மடியில் ஒரு பொருளை வைத்தார் மொக்கச்சாமி. எலி கடித்த இங்கிலீஷ் புத்தகம்.

"வர்க்கீசுகிட்டச் சேக்கணும். புடிங்க, கீழ விழுந்துறாம."

கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. கீழே போடி ஒரு முறம் அளவுக்குச் சுருங்கியது. வழியெல்லாம் பேசுகிற மனிதர் அன்று ஹாரனோடு மட்டும் பேசினார். புத்தகத்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, மூடியிருந்தும் ஏலக்காய் மணத்தது.

மெட்டில் வர்க்கீஸ் ஜீப் சத்தம் கேட்டு வெளியே வந்தார். "எந்தா மொக்கச்சாமி, கொச்சு இந்நு எந்து களிச்சு?" என்று, பிள்ளை அன்றைக்கு எந்தக் காயை நகர்த்தினாள் என்பதை வழக்கம்போலக் கேட்டார். மொக்கச்சாமி என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மேகம் சாலைக்குக் குறுக்கே இறங்கியது. பல் கிட்டிக்கத் தொடங்கியதும் பையைத் திறந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன்.

மொக்கச்சாமி அன்று முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பரவால்ல சார். குளிருக்காச்சும் முன்னக்கூட்டி ரோசிச்சிருக்கீக."