முதுமலைச் சாலையில் ஒரு பிடி

சென்ற வாரம் மகனுடன் காரில் சிறுசேரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் சென்ற லாரியிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. மகன் கண்ணாடியை ஏற்றிவிட்டான். நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் இழுத்து முகர்ந்தேன். எனக்கு அது கல்லட்டி மலைச்சாலையின் மணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கருங்குழியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் மைத்துனர் ஏழுமலை, சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கிய புதிது. அவரும் நானும் என் மனைவியும் அதில் முதுமலைக் காட்டைப் பார்க்கப் புறப்பட்டோம். கோயில் வாசல்களில் எத்தனையோ யானைகளைக் கண்டவள் என் மனைவி. ஆயினும் காலில் சங்கிலி இல்லாத யானை ஒன்றை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஏக்கம். நான் நாள்தோறும் ஓதிய பாசுரங்களில் யானைகள் நடந்தனவே தவிர, அவள் கண்முன் ஒன்றும் நடந்ததில்லை.

உதகையில் வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். ஏழுமலை சிரித்துவிட்டார்.

"ரோடு கீது, கண்ணு கீது. அவரு வேற இன்னாத்துக்கு மாமா?"

ஆகவே அலுவலக நண்பர் எழுதித் தந்த துண்டுத்தாளே துணை. எந்த வளைவில் நின்று பார்க்கலாம், எந்த ஓடையருகே மெல்லப் போகலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. கல்லட்டி வழியாக இறங்கும் சாலையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு பாசுரம் என்று தொடங்கினேன். குளிர்காற்றும், கீழே நீலமாய் விரிந்து கிடந்த காடும் சேர்ந்து உள்ளத்தைத் துள்ளவைத்தன. குரலும் உடன் துள்ளியது போலும். இப்படிப் பாடினால் காட்டில் ஒரு யானையும் தங்காது என்று பன்னிரண்டாம் வளைவில் மனைவி சொல்லிவிட்டாள்.

மசினகுடியைத் தாண்டினோம். மான்கள் வந்தன, மயில் வந்தது, யானை வரவில்லை. மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். தாளிலோ இன்னும் ஒரே ஒரு பாலந்தான் மிச்சம். ஏழுமலை வேகத்தைக் கூட்டினார். அப்போதுதான் இடப்புற மூங்கிலுக்குள் கண்டேன், பெண் யானை ஒன்று! என் நாக்கோ பாசுரத்தில் ஊறிய நாக்கு. அந்த அவசரத்திலும் பெண் யானைக்குரிய பழஞ்சொல்லைத்தான் எடுத்தது.

"பிடி, பிடி!" என்று கத்தினேன்.

ஏழுமலை பிரேக்கைப் பிடித்தார். கார் குலுங்கி நின்றது, எஞ்சினும் அணைந்தது. மறுநொடி, எங்களுக்கு ஐந்தடி முன்னால், புதரிலிருந்து ஒரு குட்டி சாலையில் இறங்கியது. பின்னாலேயே தாய். காதுகளை விரித்து எங்களை நோக்கி நின்றது.

"இன்னாத்த புடிக்கச் சொன்ன மாமா?" என்று கிசுகிசுத்தார் ஏழுமலை.

"கம்முனு இருடா," என்றாள் மனைவி. "காலுல சங்கிலி இல்ல பாரு."

தாய் குட்டியைத் துதிக்கையால் தள்ளிக்கொண்டு எதிர்ப்புறம் ஏறி மறையும்வரை அவள் இமைக்கவில்லை. அதன்பிறகே நான் சொல்லுக்குப் பொருள் சொன்னேன். யானை என்று சொன்னால் வாய் வலிக்குமா என்று ஏழுமலை என்னை வறுத்தெடுத்தார். அப்படிச் சொல்லியிருந்தால் மூங்கிலைப் பார்த்துக்கொண்டே குட்டிமேல் ஏற்றியிருப்பேன் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

அன்று நடுச்சாலையில் கால் மணி நேரம் நின்றோம். பின்னால் ஒரு வண்டியும் ஒலியெழுப்பவில்லை. இப்போது அவ்வழியே வெளியூர் வண்டிகளை முன்போல் விடுவதில்லையாம். ஏழுமலையும் போய்விட்டார். அந்தப் பயணத்துக்குப் பின், இருந்த காலமெல்லாம், எங்கே யானையைக் கண்டாலும், தொலைக்காட்சியில் என்றாலும், உடனே என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, இது புடியா, களிறா?" என்று கேட்பார். இப்போது தொலைபேசியில் யார் யாரோ அழைக்கிறார்கள். யானையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.