வெறும் வயலைப் பார்த்துத் திரும்பின மெஷின்

பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். நிலம் அளக்குறவன், மில்லிமீட்டரை நம்பிப் பொழைக்கிறவன், எனக்கு எதுக்கு அதெல்லாம். நீங்க நம்பாட்டியும் பரவால்ல, நடந்ததைச் சொல்லிடுறேன்.

பழைய ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன் ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல வாங்கியிருந்தேன். முக்காலி மேல நிக்கிற மெஷின் அது. கோல்ல ஒரு பிரிஸம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நாம நடந்தா, அதுவே தலையைத் திருப்பி நம்மளையே பார்த்துக்கிட்டு வரும், நாம எங்க நிக்கிறமோ அந்த இடத்தைப் பதிஞ்சுக்கும். ஒத்தை ஆளா வேலையை முடிச்சிடலாம். ஆனா அதோட ரேடியோ செத்துப்போச்சு. அதனால வெளியில ஒரு ஜோடி ரேடியோ வாங்கி, ஒண்ணை மெஷின்லயும் இன்னொண்ணைக் கையில வச்சிருக்கிற கண்ட்ரோலர்லயும் நானே மாட்டினேன்.

முதல் வேலை பாபநாசம் பக்கம், கலைச்செல்வி அக்கா வயல். அவங்க வீட்டுக்காரர் ஐப்பசியில தவறிட்டாரு. அதுக்கப்புறம் கொழுந்தனார் குணசேகரன் வரப்பை இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுட்டாருன்னு தகராறு. எல்லைக்கல் எங்கன்னு கேட்டா, "கல்லா, அது எங்கப்பா காலத்துலயே போயிடுச்சு சார்"னு முகத்தைப் பார்க்காம சொன்னாரு.

அறுவடை முடிஞ்ச வயல், பங்குனி வெயில், உச்சி நேரம். ரெண்டு ரேடியோவும் ஒண்ணோட ஒண்ணு பேசவே இல்ல. சேனலை மாத்துறேன், வேகத்தை மாத்துறேன், கேபிளைக் கழட்டி மாட்டுறேன், ஒரு மணி நேரம் போச்சு. திடீர்னு பச்சை விளக்கு எரிஞ்சுது. அப்பாடான்னு நிமிர்றேன், மெஷின் தானா திரும்புது. பிரிஸம் அப்ப கார்ல, பையில, ஜிப்பு கூடத் திறக்கல.

வெறும் வயலைப் பார்த்துத் திரும்பி, எதையோ பிடிச்சுக்கிட்டு 'பீப்'னு சத்தம் குடுத்துச்சு. ஸ்கிரீன்ல தூரம் குறையுது, எண்பத்திநாலு மீட்டர், எண்பத்திமூணு, ஆள் நடக்குற வேகத்துக்கு. கண்ணை வச்சுப் பார்த்தேன், அறுத்த தாளு மட்டும்தான். தகரம் ஏதாச்சும் மின்னியிருக்கும்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா தகரம் நடக்காதுல்ல. லென்ஸைக் கையால மூடி மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுக் கையை எடுத்தேன். விட்ட இடத்துக்குப் போகல, அதுக்குள்ள ஒருத்தர் எவ்வளவு தூரம் நடந்திருப்பாரோ அங்க போய்ப் பிடிச்சுது.

இன்னொண்ணு, மெஷினோட தொலைநோக்கிக் குழல் லேசா ஏறி இறங்கிக்கிட்டே போச்சு, ஒவ்வொரு அடிக்கும். பக்கத்துல வந்து நின்ன குணசேகரன் அதையே பார்த்துக்கிட்டிருந்தாரு, முகமெல்லாம் வேர்த்துப்போச்சு.

"அண்ணி, இது அண்ணன் நடை."

டிராக்டர் கவுந்ததுல அவர் அண்ணனுக்கு ஒரு கால் கட்டையாம், விந்தி விந்தித்தான் நடப்பாராம். கலைச்செல்வி அக்கா அப்படியே வரப்புல உட்கார்ந்துட்டாங்க.

மெஷின் நின்னுச்சு. பதிஞ்ச சத்தமும் வந்துச்சு. குழல் பார்த்தது இப்ப இருக்கிற வரப்பைத் தாண்டி, குணசேகரன் பக்கம். இடத்தைத் துல்லியமாக் காட்ட நான் பிரிஸத்தை எடுக்கணும், ஆனா அதுக்குள்ள அவரே மண்வெட்டியை எடுத்துக்கிட்டு நேரா அங்க போய் வெட்ட ஆரம்பிச்சிட்டாரு.

"நான்தான் மூடினேன் அண்ணி."

முழங்கை ஆழத்துல கல்லு இருந்துச்சு. மூணு பேரும் குழியைச் சுத்திக் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அக்கா அதைத் தொட்டுட்டு அழுதாங்க. அந்த வாரமே வரப்பைப் பழைய இடத்துல போட்டாச்சு, சண்டையும் ஓஞ்சுது.

என்னைத் தூங்க விடாதது அதில்ல. மறுநாள் வீட்டுல டேட்டாவை கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். ஒரு புள்ளிதான் இருக்கணும், ரெண்டு இருந்துச்சு. நேரம் பார்த்தா, ரெண்டாவது நாங்க குழிகிட்ட உட்கார்ந்திருந்தப்ப பதிஞ்சிருக்கு. முதல் புள்ளி ஆள் நெஞ்சு உயரம். ரெண்டாவது அதுல பாதிதான், ஒருத்தர் குந்தி உட்கார்ந்தா இருக்குமே அந்த உயரம். படத்துல போட்டுப் பார்த்தேன். எனக்கும் அக்காவுக்கும் நடுவுல, என் இடது தோள்ல இருந்து ஒரு சாண் தள்ளி.