சகலை எழுதிய கண்ணாடிக் கட்டுரை

எங்கள் தெரு ஸ்டூடியோக்காரருக்கு முகம் திருத்துவதுதான் பிழைப்பு. பாஸ்போர்ட் போட்டோவில் பருவை அழிப்பார். கோட்டு இல்லாதவருக்குக் கோட்டு மாட்டிவிடுவார். அதற்கு அவர் பயன்படுத்துவது, முன்பின் தெரியாத பலர் கூடிச் செய்து இலவசமாக விட்டிருக்கும் ஒரு மென்பொருள். அதன் இணையதளத்தில் கட்டுரைகளும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பழைய ஆள் ஒருவர் படித்து, சொன்னபடி செய்து பார்த்து, சரி என்றால் வெளிவரும்.

தமிழ்ப் பக்கத்துக்கு அந்தப் பழைய ஆள் இவர்தான். "அடுக்குகள்: ஓர் அறிமுகம்", "அடுக்குகள்: மேலும் ஓர் அறிமுகம்" என்று, படத்தின் மேல் படம் வைத்துத் திருத்தும் வித்தையைப் பற்றியே எழுதிக் குவித்தவர். யாராவது படித்தார்களா என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் போட்டோவில் பரு அப்படியே இருக்கும்.

இவர் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனுஷன் சும்மா இருக்காமல் ஒரு கட்டுரை அனுப்பினார்: போட்டோவில் கண்ணாடி மேல் அடிக்கும் வெளிச்சத்தை எடுப்பது எப்படி?

ஸ்டூடியோக்காரர் சிரித்துக்கொண்டேதான் திறந்தார். சொன்னபடி செய்து பார்த்தார். அவர் நாள்கணக்கில் மல்லுக்கட்டித் தோற்ற வெள்ளைத் திட்டு, டீ ஆறுவதற்குள் காணாமல் போனது. கூடவே சிரிப்பும் போனது. போதாக்குறைக்கு எழுத்தில் நக்கல் வேறு: "வெளிச்சம் மாமியார் மாதிரி. முழுசா விரட்டினா வீடு இருட்டாயிடும். கொஞ்சம் விட்டுவைங்க." இருவருக்கும் ஒரே மாமியார் என்பதால் உவமை பளிச்சென்று புரிந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

நிராகரிக்கக் காரணம் கிடைக்கவில்லை. எனவே திருத்த உட்கார்ந்தார். "எடுங்க" என்பது "நீக்கவும்" ஆனது. மாமியார் வெளியேற்றப்பட்டார். ஒரு வரி பாக்கியில்லாமல் வயிற்றெரிச்சல் தீரத் திருத்தி வெளியிட்டார்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம். அதிக வரிகளில் கைவைத்தவர் பெயரை எழுதியவர் என்று இயந்திரமே மேலே போட்டுவிடும். உழைப்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பழைய ஆளுக்கு இந்த வழக்கம் மறந்துவிட்டதாம். அவரே சொல்கிறார், நம்புவோம். கட்டுரை முகப்பில் ஏறி, பலரும் பகிர்ந்தபோது மேலே ஸ்டூடியோக்காரர் பெயர். கீழே பொடி எழுத்தில் "உதவி" என்று சகலை.

"என்னங்க, அவர் எழுதினதுல உங்க பேரு எப்படி மேல ஏறுச்சு?" என்றாள் மனைவி.

"அது கம்ப்யூட்டரே போடுறது."

"அப்படியா? கம்ப்யூட்டருக்கு அவர் மேல என்ன பொறாமை?"

சகலை போன் செய்தார். சண்டைதான் என்று இவர் தயாராக எடுத்தார்.

"அண்ணே, சூப்பரா செதுக்கிட்டீங்க! நான் ஏதோ கடையில பேசுற மாதிரி எழுதிட்டேன். உங்க பேரு மேல இருந்தாத்தான் நாலு பேரு நம்புவாங்க."

திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். பெருந்தன்மையை எப்படிச் சமாளிப்பது?

அன்றே ஒரு வாசகர் கட்டுரைக்குக் கீழே எழுதியிருந்தார்: "வழி பிரமாதம். ஆனால் ஏன் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது?" வழி சகலையுடையது. நோட்டீஸ்தான் இவருடையது.

வெகுநேரம் திரையை முறைத்துவிட்டு, "பழையபடி ஆக்கு" என்ற பொத்தானை அழுத்தினார். மாமியார் திரும்பி வந்தார். சகலை பெயர் மேலே போனது. இவர் பெயர் பொடி எழுத்தில்கூட இல்லை. அப்புறம் வந்த வாசகர்களெல்லாம் மாமியாரைத்தான் கொண்டாடினார்கள். இவர் ஒன்று விடாமல் படித்தார்.

மறுநாள் கண்ணாடி போட்ட ஒருவர் தம் போட்டோவைப் பார்த்து அசந்துபோனார். "வெளிச்சமே அடிக்கலையே! எப்படி சார்?"

"எல்லாம் அனுபவம்தான்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவர் போனதும், பக்கத்தில் திறந்து வைத்திருந்த கட்டுரையை மூடப் போனார். அடியில் தளம் கேட்டது: உங்களுக்கு உதவியதா? ஆம், ஓரளவு, இல்லை.

மவுஸ் "இல்லை"யில் கொஞ்சம் நின்றது. "ஆம்" வரை போய்ப் பார்த்தது. கடைசியில் "ஓரளவு" என்று அழுத்தினார்.