கல் உருகிய காலத்து ஆக்சிஜன்

கணீர். நல்ல கல்லின்மேல் சுத்தியல் படும்போது எழும் அந்தச் சத்தத்தைக் கல்லூரி நாளில்தான் முதலில் கேட்டேன். மழையில் உளுத்த கல் அப்படிப் பாடாது. பொத்தென்று வாயை மூடிக்கொள்ளும். கல்லைத் தட்டிக் கேட்பதே எங்கள் தொழிலாயிற்று. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் தேடிப் பிழைப்பவர்களே, உங்களுக்கு இது புரியும்.

மூச்சு

நிலவியல் ஆசிரியையாக ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரி நுண்ணோக்கி அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன், சிவகாமிக்குத் துணையாக. விவசாயக் குடும்பத்துப் பெண், நாற்பதைத் தாண்டியவள், தற்காலிக விரிவுரையாளர். கல்லூரி வைத்த கெடுவுக்குள் முனைவர் பட்டம் வந்தால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் போய்விடும்.

ஒருநாள் கல் பையோடு காரைக்குடி செக்காலையில் ஆட்டோ ஏறினோம். பையைத் தூக்கிய ஓட்டுநர், "அரிசி வாங்குனீகளா, கல்லு வாங்குனீகளா?" என்றார். கல்தான் என்றாள் சிவகாமி. பூமிக்குள் இது குழம்பாக உருகிக் கிடந்தபோது ஆக்சிஜன் எந்த அளவில் இருந்தது என்று, இதிலுள்ள கனிமங்களைச் சோதித்துக் கணக்கிடுவதாகப் பொறுமையாக விளக்கினாள். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். "மூச்சு விட அங்குட்டு யாரு ஆச்சி இருந்தா?"

ஒட்டிய ஜோடிகள்

சிவகாமி நம்பியது மேக்னடைட், இல்மனைட் என்ற இரண்டு கருப்புக் கனிமங்களை. இரும்பையும் டைட்டானியத்தையும் அவை எப்படிப் பங்குபோட்டுக்கொண்டன என்பதிலிருந்து குழம்பின் வெப்பமும் ஆக்சிஜனும் தெரியும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த ஜோடிகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். சேர்ந்தே பிறந்தவை, சேர்ந்தே உண்மை சொல்லும் என்ற எண்ணம்.

வெளியூர் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. கணக்கில் வந்த வெப்பம் மிகக் குறைவு, அதில் எந்தக் கல்லும் உருகாது. தொட்டுக்கொண்டிருந்ததாலேயே, கல் இறுகி மெல்ல மெல்ல ஆறிய காலத்திலும் அவை கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. பிறந்த கதை அழிந்து, ஆறிய கதைதான் மிச்சம். சிவகாமி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "செத்து ஆறின பொறகு காய்ச்சல் பாத்திருக்கோம், மேடம்."

யார் பார்க்க?

அவளுடைய நெறியாளர் கெட்டவர் இல்லை. மாடிப்படியில் நிறுத்தி, வெப்பக் கணக்கை விட்டுவிட்டு, அதே ஜோடிகளிலிருந்து வந்த ஆக்சிஜன் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். "குழம்புக்குள்ள யாரும்மா போய்ப் பாக்கப்போறா?" என்றார். அவள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாள். "யாரும் போய்ப் பாக்க முடியாதுல்ல சார், அதான் பயமா இருக்கு."

கரடு

சிர்க்கான் என்று ஒரு கனிமம் இருக்கிறது. பிறந்தபோது வாங்கியதை அது லேசில் விடாது. ஆனால் அதைப் பிரித்தெடுக்க மூட்டைக் கணக்கில் கல் உடைக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ தீர்ந்துவிட்டது. முதலில் கல் எடுத்த சிறு பாறைக்குன்றான கரட்டுக்கே, கீழச்சிவல்பட்டிக்கு அப்பால், மறுபடி போனோம்.

கரடு இல்லை. அந்த இடத்தில் பெரிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். வேலியோரம் நின்ற குவாரிக் காவலாளியிடம் சிவகாமி கேட்டாள். அவர் எங்கள் வண்டி வந்த திசையில் கையைக் காட்டினார். "அது ரோடாப் போச்சு, தாயி. இப்ப வந்தீகள்ல, அது மேலதான் வந்தீக."

பல குவாரிக் கல் கலந்த ஜல்லியை வைத்து எந்தக் குழம்பைப் பற்றியும் ஒரு சொல் எழுத முடியாது. கெடு முடிந்தது, வேலையும் முடிந்தது. கல் உருகிய காலத்தையே கண்டு சொல்லப் புறப்பட்ட சிவகாமி, இப்போது காரைக்குடியில் ஒரு நகைக்கடையில் பழைய நகையை உரைகல்லில் உரசி மாற்றுப் பார்க்கிறாள்.